பொய்யனைப் பிடிக்கும் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆட்டம்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

வட்டமாக உட்காருகிறீர்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, அதன் மூலம் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் ஒரே சொல் தெரியும். தெரியாத அந்த ஒருவர்தான் பொய்யன் (பெண்ணாக இருந்தாலும் ஆட்டத்தில் பேர் அதுதான்). அவர் யார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆளுக்கு ஒரு துப்பு, அதுவும் ஒரே சொல்லில், வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். பொய்யனும் எல்லாம் தெரிந்ததுபோல ஒரு துப்பைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். ஒரு சுற்று முடிந்ததும் கொஞ்ச நேரம் வாக்குவாதம், அப்புறம் ஓட்டு. இரண்டு வரி கேட்டீர்கள், கூடிவிட்டது, பரவாயில்லை.

இதே அடிப்படையில் கடையில் விற்கும் அட்டை விளையாட்டுகள் நிறைய உண்டு. 'கமிலியன்' என்பதில் பதினாறு சொற்கள் கொண்ட ஒரு கட்டம் இருக்கும். 'ஸ்பைஃபால்' என்பதில் சொல்லுக்குப் பதிலாக ஓர் இடம், துப்புக்குப் பதிலாக ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது. வாங்கினால் படங்கள் அழகாக இருக்கும், அவ்வளவுதான். காகிதமும் பேனாவும் இருந்தாலே ஆடிவிடலாம், நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம்.

எத்தனை பேர் வேண்டும்?

ஐந்திலிருந்து எட்டு. ஆறு பேர் கச்சிதம். மூன்று பேரில் ஒருவர் பொய்யன் என்றால் மற்ற இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பத்துப் பேர் என்றால் கடைசி ஆளின் முறை வருவதற்குள் நல்ல துப்பெல்லாம் தீர்ந்துபோகும், பொய்யனுக்கும் அதற்குள் சொல் என்னவென்று தெரிந்துவிடும். ஆள் அதிகமாக இருந்தால் இரண்டு வட்டமாகப் பிரிந்து ஆடுங்கள்.

சீட்டு எழுதுகிறவருக்குச் சொல் தெரிந்துவிடுமே, அவர் ஆட முடியாதே?

இதுதான் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம். சுலபமான வழி, ஒருவர் ஆடாமல் நடத்துகிறவராக இருப்பது. ஆனால் யாருக்கும் அந்த வேலை பிடிக்காது, இரண்டு சுற்று முடிந்ததும் "எனக்கும் சீட்டு குடுங்க" என்று வந்துவிடுவார்கள்.

எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வழி இது. ஒரு தாளில் ஒரே தலைப்பில் பதினாறு சொற்களை 1 முதல் 16 வரை எண் போட்டு எழுதுங்கள். வீட்டுப் பொருட்கள், விலங்குகள், வேலைகள், இப்படித் தலைப்புக்கு ஒரு தாள். அப்புறம் பதினாறு சீட்டுக் கட்டுகள் தயார் செய்யுங்கள். ஆறு பேர் ஆடுவதாக இருந்தால், ஒரு கட்டில் ஐந்து சீட்டில் 1 (அதாவது தாளில் முதல் சொல்), ஒரு சீட்டில் 'நீ பொய்யன்'. அடுத்த கட்டில் ஐந்து சீட்டில் 2, ஒன்றில் 'நீ பொய்யன்'. இப்படியே 16 வரை. ஒவ்வொரு கட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பையில் கொட்டிவிடுங்கள். சுற்றுக்கு ஒரு கட்டை எடுத்து, குலுக்கி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். என்ன எண் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது, எல்லோரும் ஆடலாம், தாளை மாற்றினால் அதே கட்டுகளை மறுபடியும் பயன்படுத்தலாம். ஒரே குறை, ஆள் எண்ணிக்கை மாறினால் கட்டுகளையும் மாற்ற வேண்டும். அதற்கு இன்னும் நல்ல வழி கிட்டவில்லை.

பொய்யனின் சீட்டை வெற்றுச் சீட்டாக விடாதீர்கள். எழுத்து இருக்கும் சீட்டைப் படிக்க ஒரு கணம் ஆகும், வெற்றுச் சீட்டைப் பிரித்தவுடன் மடித்துவிடுவோம், அந்த வேகமே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாச் சீட்டுக்கும் ஒரே பேனா, ஒரே மடிப்பு, மை பின்பக்கம் தெரியாத தடித்த காகிதம். சீட்டைப் பார்த்ததும் பொய்யன் உட்பட எல்லோரும் பத்து எண்ணும்வரை சொற்கள் உள்ள தாளைப் பார்க்க வேண்டும் என்பதையும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பு எப்படிச் சொல்வது? நான் சொன்னாலே மாட்டிக்கொள்கிறேன், பொய்யனாக இல்லாதபோதும்.

ஆட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல் தெரியும் என்றால் உங்கள் வேலை இரண்டு. மற்றவர்களிடம் "எனக்குத் தெரியும்" என்று நிரூபிக்க வேண்டும், பொய்யனுக்கு அது என்ன சொல் என்று தெரிந்துவிடவும் கூடாது. ரொம்பத் தெளிவாகச் சொன்னால் பொய்யனுக்குப் பாடம் நடத்தியதாகிவிடும். ரொம்ப மூடிச் சொன்னால் உங்களையே பொய்யன் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது, அதில் நுழைவதுதான் திறமை.

ஒரு சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பு, வீட்டில் இருக்கும் பொருட்கள். சொல், குடை. தாளில் அதோடு கடிகாரம், பூட்டு, ஏணி, தலையணை, கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. முதல் ஆள் "மடக்கு" என்றார். அருமையான துப்பு, ஏணிக்கும் பொருந்தும், குடைக்கும் பொருந்தும், சொல் தெரிந்தவர்களுக்கு மட்டும் சட்டென்று புரியும். இரண்டாவது ஆள் "கம்பி". அதுவும் சரி. மூன்றாவது அண்ணி, "மறதி" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நான்காவது ஆளுக்குப் பயம் வந்துவிட்டது போல, தான் மாட்டக் கூடாதே என்று "மழை" என்று சொல்லிவிட்டார். ஒரே கூச்சல். ஐந்தாவதாக இருந்த தம்பி கொஞ்சமும் அசராமல் "வெயில்" என்றான். ஆறாவது நான், "காற்று" என்றேன், குடை தலைகீழாக மடங்குவதை நினைத்து.

ஓட்டில் அண்ணிக்கு நான்கு விரல்கள். "மறதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பதுதான் எங்கள் வாதம். பஸ்ஸிலும் கடையிலும் குடையை விட்டுவிட்டு வராத ஆள் உண்டா? ஆறு துப்புகளில் மிக நல்ல துப்பு அதுதான், நாங்கள் யோசிக்கவில்லை. பொய்யன் தம்பி. "மழை" காதில் விழும்வரை அவனுக்கு ஒன்றும் தெரியாதாம், விழுந்தபிறகு வெயில் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்று. விநோதமான துப்பு வந்தால் உடனே விரல் நீட்டுவதில்லை, பத்து நொடி அதோடு உட்கார்ந்து பார்ப்பேன். பொய்யன் பெரும்பாலும் விநோதமாகப் பேச மாட்டான், அவனுக்கு அந்தத் தைரியம் வராது. முன்னால் வந்த துப்புக்குப் பக்கத்திலேயே, அதன் தம்பி மாதிரி ஒரு சொல்லைச் சொல்வான். மழைக்கு அடுத்து வெயில். கம்பிக்கு அடுத்து இரும்பு. பொருளைப் பார்த்துப் பேசாமல், முந்தைய ஆளின் சொல்லைப் பார்த்துப் பேசும் துப்பைத்தான் நான் இப்போதெல்லாம் தேடுகிறேன்.

நான்தான் பொய்யன், அதுவும் நான்தான் முதலில் பேச வேண்டும். என்ன செய்வது?

கஷ்டம்தான். தாளில் உள்ள பதினாறில் ஐந்தாறுக்குப் பொருந்தும் சொல்லாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பொருள் என்றால் "கை", விலங்கு என்றால் "வால்". அதோடு, சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காதீர்கள். "இல்ல, நான் எதுக்கு கைன்னு சொன்னேன்னா..." என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்தால் "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" கதைதான். கேட்டால் மட்டும், சுருக்கமாக.

சில குழுக்களில் பொய்யனே முதலில் பேச நேர்ந்தால் அநியாயம் என்று இரண்டு சுற்று துப்பு வைக்கிறார்கள். முதல் சுற்றில் தடுமாறியவர் இரண்டாவதில் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது சுற்றில் மற்றவர்களுக்கும் புதிதாகத் துப்பு கிடைப்பது கடினம், ஆட்டமும் இழுக்கும். எனக்கு ஒரு சுற்றுதான் பிடிக்கும்.

பொய்யன் மாட்டிக்கொண்டால் ஆட்டம் முடிந்ததா?

இல்லை. மாட்டிய பொய்யனுக்கு ஒரு கடைசி வாய்ப்பு, சொல் என்ன என்று ஒரே ஒரு முறை ஊகிக்கலாம். சரியாகச் சொன்னால் தப்பித்தார். இந்த விதி இருப்பதால்தான் மற்றவர்கள் பட்டவர்த்தனமாகத் துப்பு கொடுக்கப் பயப்படுகிறார்கள். இதை எடுத்துவிட்டால் எல்லோரும் "மழை", "மழைக்காலம்", "நனையாம" என்று சொல்லிக் குவித்துவிடுவார்கள், ஆட்டமே செத்துவிடும்.

புள்ளி வைத்து ஆடினால், பொய்யன் தப்பித்தால் அவருக்கு 2, மாட்டினாலும் சொல்லைச் சரியாகச் சொன்னால் 1, மாட்டி ஊகமும் தப்பினால் மற்ற எல்லோருக்கும் ஆளுக்கு 2.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்க முடியாதா? எனக்கு நன்றாகத் தெரியும், திருட்டு முழி முழிப்பார்கள்.

உங்களுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் தங்களைப் பற்றி இந்த நம்பிக்கை உண்டு. பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் பொய் கண்டுபிடிப்பது பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 24,000க்கும் அதிகமானவர்கள் "இவர் சொல்வது பொய்யா மெய்யா" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சராசரியாகச் சரியாகச் சொன்னது 54%. காசு சுண்டினாலே 50 கிடைக்கும். இன்னும் பிரித்துப் பார்த்தால், உண்மையை உண்மை என்று சொன்னது 61%, பொய்யைப் பொய் என்று சொன்னது 47%. அதாவது நாம் எதிராளியை நம்பவே விரும்புகிறோம்.

கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்ற நம்பிக்கை பல நாடுகளில் கேட்டபோதும் முதலிடத்தில் வந்தது. ஆனால் கண்ணை விலக்குவதற்கும் பொய்க்கும் ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. ஆட்டத்திலும் அப்படித்தான். முதல்முறை ஆடுகிறவர் சொல் தெரிந்தே வியர்த்துக்கொண்டிருப்பார். பழகிய பொய்யனோ உங்கள் கண்ணுக்குள் பார்த்துச் சிரிப்பார். திருட்டு முழி என்பது பெரும்பாலும் "எல்லாரும் என்னையே பாக்குறாங்களே" என்ற முழிதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

பேச்சைப் பாருங்கள். பொய்யன் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறான், தெரிந்ததுபோல் நடிக்கவும் வேண்டும், சொல் என்னவென்று கண்டுபிடிக்கவும் வேண்டும். அவன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் ஏதாவது ஒன்று நழுவும். விசாரணை பற்றி ஆராய்கிறவர்களும் இந்த வழியைத்தான் பேசுகிறார்கள், பதற்றத்தைத் தேடாதே, யோசிக்க வைக்கும் கேள்வியைக் கேள் என்று.

"நீதானே?" என்று கேட்டு ஒரு பயனும் இல்லை, எல்லோரும் "நான் இல்ல" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக மற்றவர்களின் துப்பைப் பற்றிக் கேளுங்கள். "ரெண்டாவது சொன்ன துப்பு சரியா இருக்கா? ஏன்?" சொல் தெரிந்தவர் உடனே "சரிதான், ஆனா ரொம்ப லேசா சொல்லிட்டாங்க" என்பது போல ஏதாவது சொல்வார், ஏனென்றால் அவர் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. பொய்யனிடம் அது இல்லை. "ஆமா, பரவால்ல, ஓரளவு ஓகே" என்று வழுக்குவான். இன்னொரு கேள்வி, "யாரோட துப்பு உனக்குப் பிடிச்சிருந்தது?" கேட்க வெகுளியாக இருக்கும், நான் அதிகம் பேரைப் பிடித்தது இதில்தான்.

யார் எப்போது வாய் திறக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒருவர்மேல் சந்தேகம் கிளம்பிய உடனே "ஆமா ஆமா, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்று சேர்ந்துகொள்கிறவர், ஆனால் தானாக ஒரு காரணமும் சொல்லாதவர், என் பட்டியலில் ஒரு படி மேலே போவார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இங்கே எட்டு நிமிடம் தாங்கினாலே ஜெயித்துவிடலாம், அதனால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைவதுதான் பொய்யனுக்கு லாபம்.

நான் அமைதியான ஆள். எப்போது ஆடினாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள்.

இது ஆட்டத்தின் குறை இல்லை, உங்கள் நண்பர்களின் சோம்பல். வாயாடி அமைதியானாலோ, அமைதியான ஆள் திடீரென்று வாயாடினாலோ சந்தேகப்படலாம். எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் ஆளை அதற்காகவே சந்தேகப்படுவதில் என்ன இருக்கிறது? ஒரு வழி சொல்கிறேன். வாக்குவாதம் தொடங்கியதும் முதல் ஆளாக ஒரு வரி பேசிவிடுங்கள், யாருடைய துப்பு உங்களுக்குப் புரியவில்லை என்று. அப்புறம் நீங்கள் மௌனமாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வரியைப் பொய்யனாக இருக்கும்போதும் சொல்லுங்கள், இல்லாதபோதும் சொல்லுங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

எப்போதும் சிரியுங்கள். பொய்யனாக இல்லாதபோதும்.

ஓட்டு எப்படிப் போடுவது?

ஒரே நேரத்தில். மூன்று எண்ணி எல்லோரும் சேர்ந்து விரல் நீட்ட வேண்டும். ஒவ்வொருவராகச் சொன்னால் முதல் இருவர் சொன்ன பெயரையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள், பொய்யனும் அதற்குள் ஒளிந்துகொள்வான். விரலை நீட்டியபிறகு மாற்றக் கூடாது.

சமமாக வந்தால், யார்மேல் சமமாக விழுந்ததோ அவர்கள் மட்டும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசி மறு ஓட்டு. மறுபடியும் சமம் என்றால் பொய்யன் தப்பித்தான். வாக்குவாதத்துக்கு மூன்று நிமிடம் போதும். கடிகாரம் வைக்காமல் விட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மாஃபியா, ஓநாய் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், இது அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளை. 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த திமித்ரி டவிடோஃப் உருவாக்கியது மாஃபியா. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதே விதிகளுக்கு ஓநாய் மனிதன் வேஷம் போட்டார், அது இன்னும் வேகமாகப் பரவியது. அதில் இரவு, பகல் என்று மாறி மாறி வரும். இரவில் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியாக்காரர்கள் மட்டும் விழித்து ஒருவரைக் கொல்வார்கள். பகலில் ஊர்கூடி ஒருவரை வெளியேற்றும். மாஃபியாக்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும், ஊராருக்கு ஒன்றும் தெரியாது. எண்ணிக்கை அதிகமான, ஆனால் விவரம் தெரியாத கூட்டத்துக்கும், விவரம் தெரிந்த சின்னக் கூட்டத்துக்கும் நடக்கிற சண்டை அது.

எங்கள் ஆட்டம் தலைகீழ். இங்கே விவரம் தெரிந்தது பெருங்கூட்டத்துக்கு, தெரியாதது ஒருவருக்கு. அதனால்தான் இது பத்து நிமிடத்தில் முடிகிறது.

மாஃபியாவில் ஒரு பெரிய தொந்தரவு, முதல் இரவிலேயே செத்துப்போனவர் மீதி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். டான் எஸ்கிரிட்ஜ் 2009இல் வெளியிட்ட 'ரெசிஸ்டன்ஸ்' ஆட்டத்தில் யாரும் சாவதில்லை, ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை கடைசிவரை எல்லோரும் ஆடலாம். உங்கள் குழு பெரியது, முழு மாலையும் இருக்கிறது என்றால் அதைத் தேடிப் பாருங்கள்.

மாஃபியா ஆடுகிறவர்களுக்காக ஒரு கணக்கு, பலருக்குத் தெரியாது. பகலில் நான்கு பேர் மிச்சம், அதில் ஒருவர் மாஃபியா என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஒருவரை வெளியேற்றுவீர்களா? குருட்டாம்போக்கில் போட்டால் சரியாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு. தப்பினால் மூன்று பேர், இரவில் ஒருவர் சாக இரண்டு பேர், மாஃபியாவை ஓட்டில் வெல்ல ஆளில்லை, ஆட்டம் முடிந்தது. அன்று யாரையும் வெளியேற்றாமல் விட்டால் இரவில் ஒருவர் சாவார், மூன்று பேர் மிஞ்சுவார்கள், மறுநாள் மூன்றில் ஒரு வாய்ப்பு. சும்மா இருந்தது லாபம்! இதைச் சொன்னால் ஊரார் கேட்க மாட்டார்கள், "நீ ஏன் ஓட்டு வேணாம்ங்கிற, நீதான் மாஃபியா" என்று உங்களையே தூக்கிவிடுவார்கள்.

'அமாங் அஸ்' கூட இதுதானே?

ஆமாம், அதே பரம்பரை, போனில். 2018இல் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் பற்றிக்கொண்டது. அதில் யார் எங்கே போனார்கள், யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கண்ணால் பார்த்த சாட்சியம் இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் சாட்சியம் என்பது பேச்சு மட்டும்தான்.

வீடியோ காலில் ஆடலாமா?

ஆடலாம், ஒருவர் நடத்துகிறவராக இருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லை அனுப்பிவிட்டால் போதும். பேசும் வரிசையை முதலிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி இரண்டு பேரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க" என்றே நேரம் போய்விடும். ஓட்டைப் பெயராகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு மூன்று எண்ணியதும் சேர்ந்து அனுப்புங்கள்.

குழந்தைகளோடு ஆடலாமா? பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது போல ஆகாதா?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் ஆடலாம். அதற்கும் சின்னப் பிள்ளைகள் என்றால் சீட்டில் படம் வரைந்துவிடுங்கள். பொய்யனாக வந்த குழந்தை சீட்டைப் பார்த்ததும் "ஐயோ நானா!" என்று கத்திவிடும், முதல் இரண்டு சுற்று அப்படித்தான் போகும், ரசியுங்கள்.

பொய் பற்றிய பயம் எனக்கு இல்லை. கண்ணாமூச்சியில் ஒளிகிற குழந்தை வீட்டை விட்டு ஓடக் கற்றுக்கொள்வதில்லை. எந்த எல்லைக்குள் நடிக்கிறோம் என்பது குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு விதியைப் பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடிக்க வேண்டும், சத்தியம் கூடாது. "அம்மா மேல சத்தியமா நான் இல்ல" என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே கெட்டது. நம்பினால் விளையாட்டு போச்சு, நம்பாவிட்டால் மனசு போச்சு. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், சத்தியம் செய்தால் அந்தச் சுற்றில் ஓட்டு கிடையாது என்று. சீட்டைத் திறந்து காட்டுவதும் அதே கணக்குதான்.

எங்கள் வீட்டில் ஆடி சண்டையாகிவிட்டது.

நடக்கும். பெரும்பாலும் தோற்றதால் சண்டை வராது, "உனக்குப் பொய் சொல்றது கைவந்த கலையாச்சே" மாதிரி ஒரு வரியில்தான் வரும். துப்பைப் பற்றிப் பேசலாம், ஓட்டைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. "அன்னிக்கும் இப்படித்தான் பண்ணின" என்று போன மாதக் கதையை யாராவது எடுத்தால் நான் உடனே அடுத்த கட்டைப் பிரித்துவிடுவேன். கணவன் மனைவியைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்பது என் அனுபவம், காரணம் கேட்காதீர்கள்.

நிறைய ஆடிவிட்டோம், சலிப்பாக இருக்கிறது. மாற்றி ஆட வழி உண்டா?

உண்டு. பொய்யனுக்கு 'நீ பொய்யன்' என்று கொடுக்காமல் பக்கத்துச் சொல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் கடல், ஒருவருக்கு மட்டும் ஆறு. தான்தான் பொய்யன் என்று அவருக்கே தெரியாது, ஒவ்வொருவர் துப்பையும் கேட்கக் கேட்க "என்னடா இது, உப்புங்கிறான்?" என்று மெதுவாகப் புரிய ஆரம்பிக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஆடலாம். இதற்கு நடத்துகிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் குரூரமானது. எப்போதாவது ஒரு முறை, சொல்லாமல் கொள்ளாமல், பொய்யனே இல்லாத ஒரு கட்டைக் கலந்துவிடுவது. எல்லோருக்கும் சொல் தெரியும், எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுவார்கள், கடைசியில் யாராவது ஒருவர்மேல் நான்கு விரல் நிச்சயம் நீளும். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், அப்புறம் நிஜப் பொய்யன்கூட "இன்னிக்குப் பொய்யனே இல்ல" என்று வாதாட ஆரம்பித்துவிடுவான்.

யாராவது சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டால்?

சுற்று செல்லாது, சீட்டைக் கலைத்து மறுபடி ஆட வேண்டியதுதான். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். தலைப்பு விலங்குகள், ஆறாம் எண்ணில் ஒட்டகம், ஒன்பதாம் எண்ணில் பென்குயின். "மணல்", "தாகம்", "பொறுமை" என்று போய்க்கொண்டிருந்தபோது சித்தப்பா கம்பீரமாக "பனி" என்றார். ஐந்து விரல்களும் அவர் பக்கம். அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, "எல்லாரும் சேர்ந்து ஏமாத்துறீங்களா, பனி இல்லாம வேற எங்கடா இருக்கும் அது?" என்று சீட்டைத் தரையில் வீசினார். எங்கள் பக்கமிருந்து பார்த்தால் 6, அவர் பக்கமிருந்து பார்த்தால் 9. உண்மையான பொய்யன் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு புள்ளி கொடுப்பதா வேண்டாமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து 6க்கும் 9க்கும் அடியில் கோடு போடுகிறோம்.